செங்கால் கட்டைப் பந்தல்

மலாக்காவின் பாச்சாங்கில் நாங்கள் வாங்கியது வரிசையின் கடைசி வீடு. பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம் உண்டு, மேற்குப் பார்த்தது. முன்பு இருந்தவர் அதில் சிமெண்ட் போடாமல் விட்டிருந்ததை நான் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பிற்பகலில் அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுப் பார்த்த என் மனைவி அப்படி நினைக்கவில்லை. தாமானில் எல்லாரும் செய்வதுபோல இரும்புச் சட்டம் நிறுத்தி மேலே ஷீட் போட்டுவிடலாம், சீக்கிரம் முடியும், துணி காயப்போடலாம், மழைக்கும் ஆகும் என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளில் அந்த ஷீட்டுக்குக் கீழே மூன்று மணிக்கு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது மரத்தில் ஒரு பந்தல். மேலே கொடி படர, கீழே காற்று வர. கடைக்காரர்கள் பெர்கோலா என்பார்களே, அது.

இது 2012-இல். அப்பாவும் அம்மாவும் அப்போதுதான் ஜாசின் பக்கத்துத் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்திருந்தார்கள். அப்பா இளவயதில் பால்மரம் வெட்டியவர். பிறகு தோட்டத்துத் தச்சு வேலைக்கு மாறினார். லயத்துக்குப் பலகை அடிப்பது, கூரைக்குக் கைமரம் மாற்றுவது, துரை பங்களாவின் படிக்கட்டைச் செப்பனிடுவது, கோயிலுக்கு உண்டியல் பெட்டி செய்வது எல்லாம் அவர்தான். ஓய்வு பெற்ற பின்பும் உளியும் ரம்பமும் இழைப்புளியும் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார். பாச்சாங்குக்கு வரும்போது அவர் சாமான்களில் பாதி அந்தச் சாக்குதான்.

பந்தல் என்றதும் அவருக்கு ஆர்வம் வரும் என்று எதிர்பார்த்தேன். "எத்தனை மாசத்துக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். லயத்துக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கீற்று மண் இருக்கும். அவரை, பாகல், புடலை, வெற்றிலைக்கொடி. கால் நடுவதற்கு ரப்பர் கிளை, குறுக்கே மூங்கில், கட்டுவதற்குப் பழைய கம்பி. அந்தக் கால்கள் ஒரு காய்ப்புக்குத் தாங்கினால் பெரிது. ரப்பர் கட்டையில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்டவுடன் நீலப்பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். காலையில் எழுந்து பார்த்தால் ஒவ்வொரு காலடியிலும் சலித்த மாவு போல வெள்ளைத்தூள் குவிந்திருக்கும். அம்மா அதைக் கூட்டித் தள்ளிக்கொண்டே இருப்பார். கால் சாய்ந்தால் இன்னொரு கிளை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போடும் பந்தல் அதைவிடக் குறைந்த ஆயுள்; தென்னங்கீற்று முடைந்து போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றிய மறுநாள் பிரித்துவிடுவார்கள். வீடே தோட்டத்துக்குச் சொந்தம் என்னும்போது பின்கட்டில் நல்ல மரம் நட யாருக்கு மனசு வரும்?

மலாக்காதான் மலாயாவின் ரப்பர் தோட்டத் தொழிலுக்குத் தொடக்கம். டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அடுத்து புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் போட்டார். அதற்குப் பிறகு பல தலைமுறையாக அந்த மரத்தின் பாலுக்குத்தான் மதிப்பு. மரத்துக்கு அடுப்பும் புகைவீடும்தான் கதி. 1980-களில்தான் அது மேசை நாற்காலி மரமாயிற்று. அறுத்தவுடன் போரான் உப்பு ஏற்றி, சூளையில் உலர்த்தினால் பூச்சி வராது என்று கண்டார்கள். இன்று பக்கத்து மூவாரில் நாற்காலி செய்யும் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அதுவும் வீட்டுக்குள் மட்டும். மழையில் வைத்தால் ரப்பர் கட்டை பழைய ரப்பர் கட்டைதான்.

எந்த மரம் எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்க, கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தில் ஒரு சோதனை உண்டு. இரண்டு அங்குலச் சதுரத்தில், இரண்டடி நீளத்தில் கட்டைகளை வரிசையாக மண்ணில் பாதி புதைத்துவிட்டு, கரையானும் பூஞ்சையும் எத்தனை வருடத்தில் தின்று முடிக்கின்றன என்று பார்ப்பார்கள். பார்க்க மயானம் போல இருப்பதால் பெயரும் மயானச் சோதனைதான். இரண்டு வருடத்துக்குள் போனால் உறுதியில்லாத மரம். பத்தைத் தாண்டினால் மிக உறுதி. ரப்பர் கட்டை முதல் வகை. நான் மனதில் வைத்திருந்த செங்கால் மரம் கடைசி வகை. மண்ணில் புதைத்தே பத்து வருடத்துக்கு மேல் என்றால், மண் படாமல் நிறுத்தினால் எவ்வளவு காலம் நிற்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செங்கால் என்னா விலை விக்குது தெரியுமா?" என்றார்.

அளவு பன்னிரண்டுக்குப் பத்தடி என்று முடிவாயிற்று. பந்தலின் மேல்சட்டங்களை எந்தப் பக்கமாக ஓட்டுவது என்பதுதான் முதல் விவாதம். மலாக்கா பூமத்திய ரேகைக்கு வடக்கே இரண்டு டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல்தான். ஜூனில் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே. உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு வருவதும் இல்லை. சபா, சரவாக் நேரத்தோடு சேர்ப்பதற்காக 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதிலிருந்து எங்களுக்கு உச்சிப்பொழுது மதியம் ஒன்று பத்து வாக்கில். ("மரத்துக்கு மணி தெரியாது, எங்களுக்குத்தான் விடியறதுக்கு முன்னாடியே பெரட்டு" என்றார் அப்பா. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதுதான் பெரட்டு.)

சட்டங்களைக் கிழக்கு மேற்காக ஓட்டினால் சூரியன் இடுக்கோடு இடுக்காக நாள் முழுக்க உள்ளே எட்டிப் பார்க்கும். வடக்குத் தெற்காக, பட்டையாகப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தால், காலையும் மாலையும் ஒரு சட்டத்தின் நிழல் அடுத்த சட்டத்தின் மேல் விழுந்து இடுக்கு மூடிக்கொள்ளும். இரண்டு அங்குலம் உயரமாக நிற்கும் சட்டத்துக்கு இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால், சூரியன் உச்சியிலிருந்து 45 டிகிரி சாய்ந்ததும் நேர்வெயில் நின்றுவிடும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஆக உச்சிக்கு முன்னும் பின்னும் மும்மூன்று மணி நேரம் வெயில் கோடுகோடாக இறங்கும். இடைவெளியைப் பாதியாக்கினால் அது ஒன்றே முக்கால் மணி நேரமாகச் சுருங்கும். ஆனால் ஓரங்குலக் கனமுள்ள சட்டத்தில் கட்டை ஒன்றரை மடங்கு வாங்க வேண்டும். நான் பத்து பெரெண்டாம் ஆலையில் டெக்னீஷியன். கட்டக் காகிதத்தில் இதையெல்லாம் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் பார்த்தார்.

"ரெண்டு அங்குலமே விடு. மிச்ச நிழலைக் கொடி குடுக்கும். அதுக்குத்தானே கொடி ஏத்துறோம். ஆனா நாலு மணிக்கு மேல வெயில் மேலேர்ந்தா வரும்? பக்கத்துலேர்ந்து வரும். அதுக்கு இந்தக் காயிதத்துல கணக்கு இருக்கா?"

இல்லை. மேற்குப் பக்கத்தில் தரையிலிருந்து உத்திரம் வரை குறுக்குச் சட்டம் அடித்து ஒரு தட்டி மாதிரி வைப்பது என்று அப்போது சேர்ந்ததுதான். இன்று அந்தப் பந்தலில் உண்மையாக வேலை செய்வது அந்தத் தட்டிதான் என்று சொல்லலாம்.

புதுச் செங்கால் எங்கள் கைக்கு எட்டவில்லை. தீபகற்பத்திலும் தென் தாய்லாந்திலும் மட்டும் வளரும் மரம், மெதுவாக வளரும், அதன் பிசின்தான் பெனாக் டாமார் என்று பேர் பெற்ற குங்கிலியம். மெராந்தி மலிவு, ஆனால் வெளியில் வைக்க வலுவில்லை. மெர்பாவ் நல்ல மரம், அழகான சிவப்பு. ஆனால் முதல் மழைகளில் அதிலிருந்து சாயம் இறங்கித் தரையெல்லாம் பழுப்பாகும். வாசலில் வெள்ளை டைல்ஸ் போட்டிருந்த என் மனைவி அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டாள். எனவே பழைய வீடுகளைப் பிரித்த கட்டை விற்கும் தௌக்கே ஒருவரிடம் போனோம். வளாகம் முழுக்கக் கதவு, நிலை, படிக்கட்டு, உத்திரம். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து பட்டணத்துக்குள் பழைய கடைவீடுகளை இஷ்டத்துக்கு இடிக்க முடியாது, சரக்கெல்லாம் வெளியிலிருந்துதான் வருகிறது என்று அலுத்துக்கொண்டார்.

அவர் முதலில் காட்டியது ரயில் கட்டை. செரம்பானிலிருந்து கிம்மாஸ் வரை இரட்டைத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. சிமெண்ட் கட்டைகள் வந்ததால் பழைய மரக்கட்டைகள் கழன்று சந்தைக்கு வந்திருந்தன. தோட்டம் அலங்கரிப்பவர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள், தூணுக்கு இதைவிடக் கனமாக எது கிடைக்கும், விலையும் மலிவு என்றார் தௌக்கே. உண்மைதான். அப்பா ஒரு கட்டையருகே போய், தண்டவாள ஆணி இறங்கியிருந்த ஓட்டையில் விரல் வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். "வேணாம் தம்பி."

எனக்கும் வேண்டாம்தான். அவற்றுக்குக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள்; வெயிலில் வாடை கிளம்பும், கையில் ஒட்டும், காய்கறிக்கொடி பக்கத்தில் வைக்கக் கூடாது. அதைத்தான் அப்பாவும் நினைத்தார் என்று எண்ணினேன். காரில் ஏறிய பிறகு சொன்னார். தம்பினிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு முன்பு ஒரு ரயில் பாதை இருந்தது, 1905-இல் போட்டது. ஜப்பான்காரன் காலத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் சயாம்-பர்மா பாதைக்குப் போட்டார்கள். இன்றுவரை மலாக்கா பட்டணத்துக்கு ரயில் இல்லை. தண்டவாளம் போன திசையில்தான் தோட்டத்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது, மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவில்லை. தாத்தாவின் அண்ணனும் அதில் ஒருவர். "பாதையும் போச்சு, பெரியவரும் போனாரு"ன்னு தாத்தா சொல்வார் என்றார். "இது அந்தக் கட்டை இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா அதுக்குக் கீழ உக்காந்து டீ குடிக்க முடியாது."

அந்தச் சாவுப் பாதையைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்கு முன்பு யாரும் பேசி நான் கேட்டதில்லை. கட்டை வாங்கப் போன இடத்தில் தெரிய வந்தது.

மறுபடி போனபோது தௌக்கே செங்கால் உத்திரங்களைக் காட்டினார். ஏதோ ஒரு பழைய மாடிவீட்டின் தரையைத் தாங்கியவை. மேலே சாம்பல் நிறம். பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத கட்டை. அப்பா சாக்கிலிருந்து சின்ன இழைப்புளியை எடுத்து ஒரு மூலையில் இரண்டு இழுப்பு இழுத்தார். உள்ளே தேன் கலந்த பழுப்பு. ஆனால் அந்த இழைத்த இடத்தில் குண்டூசி முனையளவு ஓட்டைகள். ரப்பர் கட்டையோடு வாழ்ந்தவருக்கு ஓட்டை என்றால் வண்டு. "இது பூச்சி தின்ன கட்டை" என்றார்.

"இத்து பியாசா லா, அன்னே. செங்கால் மெமாங் பெகித்து" என்றார் தௌக்கே. செங்கால் என்றால் அப்படித்தான், சாதாரணம் என்று. அவர் சொன்னது சரி. மரம் பச்சையாக இருக்கும்போதே சில வண்டுகள் துளைத்துவிட்டுப் போகும். கட்டை உலர்ந்ததும் அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. உலர்ந்த கட்டையைத் தின்பது வேறு சாதி. அப்பா வாய்ப்பேச்சை நம்புகிறவர் இல்லை. கல்லாவில் இருந்த சீனப் பத்திரிகையில் ஒரு தாளை வாங்கித் தரையில் விரித்தார். கட்டையின் ஒரு முனையை என்னைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஓட்டை கீழ்நோக்கி இருக்க, உளிப்பிடியால் மேலே தட்டினார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கொஞ்சம் பழைய தூசி, ஒரு சிலந்தி வலை. மாவு இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் இது நடந்தது. தௌக்கே முதலில் சிரித்தார். பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் அப்பாவுக்கு ஒரு கோப்பி வரவழைத்துக் கொடுத்தார். விலையில் மட்டும் ஒரு வெள்ளி குறைக்கவில்லை.

செங்கால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 950 கிலோ. பத்தடி நீளத்தில் நாலங்குலச் சதுரத் தூண் ஒன்று 30 கிலோ. லாரியிலிருந்து இறக்கிய அன்று தாமான் பையன்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள், ஒரு தூணோடு ஒருவர் காணாமல் போனார்.

தூணை எப்படி நிறுத்துவது என்பதில் அப்பாவுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. மூன்றடி புதைத்துத் தார் பூசு என்றார் அவர்; தோட்டத்தில் அப்படித்தான். நான் தரைக்கு மேல் அரையடி எழும்பும் சிமெண்ட் கட்டை ஊற்றி, அதில் இரும்புக் காலணி பதித்து, தூணை அதில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும் என்றேன். செங்காலாக இருந்தாலும் மண்ணும் ஈரமும் சேரும் இடத்தில்தான் முதலில் போகும். பேச்சு நீண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கம்போங் மோர்த்தேனுக்கு அழைத்துப் போனேன். மலாக்கா ஆற்று வளைவில், பட்டணத்து நடுவே இருக்கும் பழைய மலாய்க்காரக் கிராமம், 1920-களில் உருவானது. சுற்றுலாப் பயணிகள் பூவேலைப் பலகைகளையும் டைல்ஸ் ஒட்டிய படிக்கட்டுகளையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா குனிந்து வீடுகளின் அடியைப் பார்த்துக்கொண்டே போனார். தூண் ஒவ்வொன்றும் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு வீட்டு அம்மாள் வெளியே வந்து, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா பாக்சிக் என்று மலாயில் கேட்டார். அப்பா கல்லைக் காட்டி ஏதோ சொல்ல, இரண்டு பேரும் கரையானைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. "புதைச்ச கால் காத்துக்குத் தானே நிக்கும். கல்லு மேல வச்சது ஆடுமே. இந்த வீடு ஏன் ஆடல?" மலாய் வீட்டில் தூணைத் துளைத்துக் குறுக்குச் சட்டம் செலுத்தி ஆப்பு அடிப்பார்கள். விறைப்பு அந்தப் பூட்டிலிருந்து வருகிறது. பட்டணத்தில் 1986-இல் திறந்த சுல்தான் அரண்மனை மாதிரிக் கட்டடத்தையே இரும்பாணி இல்லாமல் மர முளையால் பொருத்தியதாகச் சொல்வார்கள். எங்கள் சிறிய பந்தலுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. தூணுக்கு இரு பக்கமும் இரண்டுக்கு ஆறு உத்திரங்களை ஜோடியாக அணைத்துப் போல்ட் போட்டு, தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒவ்வொரு மூலையிலும் சாய்வாக ஒரு முட்டு கொடுத்தோம். முட்டு மட்டும் அப்பா போல்ட்டில் விடவில்லை. நாக்கு செதுக்கித் துளையில் ஏற்றினார்.

செங்காலில் ஆணி இறங்காது, வளையும். எல்லாத் துளையும் முதலில் துரப்பணத்தால் போட வேண்டும். மஞ்சள் தூள் சுருள்சுருளாக வரும், கொஞ்சம் அவசரப்பட்டால் முனை சூடேறிப் புகையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகள்கூட கழுத்து முறிந்தன. அப்பா அம்மாவிடம் ஒரு சவுக்காரக் கட்டியை வாங்கி ஒவ்வொரு திருகாணியையும் அதில் ஒரு குத்துக் குத்தி எடுத்தார். அதற்குப் பிறகு முறியவில்லை. உத்திரங்களின் மேல்முகத்தைத் தண்ணீர் தங்காதபடி ஒரு நூல் சரிவாக இழைத்தார். கட்டை தண்ணீர் குடிப்பது வெட்டுமுகத்தில்தான் என்று ஒவ்வொரு தூணின் தலைக்கும் தகரத்தில் தொப்பி மடித்துப் போட்டார். தகரம் தோட்டத்து வீட்டிலிருந்து சாக்கில் வந்தது. எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பந்தல் நின்ற கொஞ்ச காலத்தில் ஒரு விடியற்காலை சுமத்ரா காற்று அடித்தது. நீரிணைக்கு அந்தப் பக்கமிருந்து, வெளுக்கும் முன்னே, ஒரு கறுப்பு வரிசையாக ஏறி வரும் காற்று. எதிர்வரிசையில் ஒரு வீட்டு ஷீட் கிழிந்து சாலையில் கிடந்தது. அப்பா கையில் டார்ச்சோடு ஒவ்வொரு முட்டையும் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து படுத்தார்.

கொடி விஷயத்தில்தான் சமாதானம் இல்லை. மேற்குத் தட்டியில் நான் சங்குப்பூ ஏற்றினேன். அது சீக்கிரம் மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டு பாபா குடும்பத்து அம்மாள் புலுட் தெக்கானுக்கு நீலம் ஏற்ற வாரம் ஒரு கிண்ணம் பறித்துக்கொண்டு போவார், பலகாரம் திரும்பி வரும். மேலே ஜாதிமல்லி என்று என் மனைவியும் நானும் முடிவு செய்து கன்றும் வாங்கியாயிற்று. அதற்குள் அம்மா தூணடியில் புடலை விதை ஊன்றிவிட்டார். பந்தல் என்று போட்டுவிட்டுக் காய் தொங்கவில்லை என்றால் அது என்ன பந்தல் என்பது அவர் கட்சி. புடலையும் ஜாதிமல்லிக்குக் காத்திராமல் ஏறியது. பிஞ்சு இறங்கியதும் நேராக வளர ஒவ்வொன்றின் நுனியிலும் வாழைநாரில் ஒரு சின்னக் கல்லைக் கட்டினார்.

அப்பா நாற்காலியோடு வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, தலைக்கு மேல இத்தனை கல்லு தொங்குனா நான் எங்க உக்கார்றது?"

"அந்தத் தூணுகிட்ட இன்னும் பிஞ்சு எறங்கல. அங்க போய் உக்காருங்க" என்றார் அம்மா.